தமிழ்வழி ஆசிரியர்களுக்கு ஒரு விக்கி: அட்டவணையும் பாடப்பொருளும் ஒரே இடத்தில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ்வழி டிவிஷனுக்கு அறிவியல் நடத்தும் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வட்டாரத்தில் நாலைந்து பள்ளிகளில் தமிழ்வழி வகுப்புகள் இருக்கின்றன. பாடக்குறிப்பு, வினாத்தாள், படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் ஓடுகிறது, தேவைப்படும்போது தேடினால் கிடைப்பதில்லை. யார் எந்தப் பாடத்தில் இருக்கிறார்கள் என்பதும் தெரிவதில்லை. விக்கி ஒன்று வைத்தால் இரண்டுக்கும் உதவுமா? எந்த மென்பொருள்? மூத்தவர்கள் இதில் எழுதுவார்களா?"

உதவும் டீச்சர். விக்கி என்றால் படிக்கிறவரே திருத்தக்கூடிய இணையப் பக்கங்களின் தொகுப்பு. ஆனால் அட்டவணையை ஓரிடத்திலும் பாடப்பொருளை வேறிடத்திலும் வைத்தால் உதவாது. பாடப்பொருளைச் சேர்த்து வைக்க மட்டும் தொடங்கிய ஆசிரியர் விக்கிகள் ஓணப் பரீட்சைக்குள் (முதல் பருவத் தேர்வுக்குள்) ஆள் நடமாட்டம் இல்லாமல் போவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்து களைத்திருக்கும் ஆசிரியர் யாரும் தானாக வந்து கோப்பு ஏற்றிவிட்டுப் போகமாட்டார். திங்கட்கிழமை காலையில் இந்த வாரம் என்ன பாடம், ஐடி லேப் யாருக்கு, யார் லீவு என்று பார்க்க மட்டும் கட்டாயம் வருவார். அங்கேயே பாடப்பொருளும் இருந்தால் எடுத்துக்கொள்வார். எடுத்ததில் பிழை இருந்தால் கை சும்மா இருக்காது, திருத்துவார். தன்னிடம் அதைவிட நல்லது இருந்தால் சேர்ப்பார். ஆளை உள்ளே அழைத்து வருவது அட்டவணை, அவரை அங்கே இருக்க வைப்பது பாடப்பொருள். கீழே நான் சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

விக்கி என்ற வடிவமே புதிதல்ல. 1995 மார்ச்சில் வார்ட் கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் முதல் விக்கியை இணையத்தில் வைத்தார். படிக்கிறவரே திருத்தலாம், ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றில் பதிவாகும், ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பது மிக எளிது. முதலாவதும் மூன்றாவதும் அன்றே இருந்தன, திருத்த வரலாறு பின்னால் சேர்ந்தது. நமக்கு வேண்டியதும் இந்த மூன்றுதான்.

இரண்டு வகைப் பக்கங்கள் போதும். ஒன்று வாரப் பக்கம், மற்றொன்று பாடப் பக்கம். வாரப் பக்கத்தின் பெயரில் ஆண்டும் வார எண்ணும் இருக்கட்டும். பாடப் பக்கத்தின் பெயரில் ஆண்டும் வேண்டாம், பாட எண்ணும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் வாரப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

வாரம் 9. ஒன்பதாம் வகுப்பு இயற்பியல்: முடுக்கம் (பாடப் பக்கத்துக்கு இணைப்பு). எதுவரை: திசைவேகம்–நேரம் வரைபடம் வரைந்து முடுக்கம் கண்டுபிடிப்பது வரை. தேவை: வரைபடத்தாள், ஸ்மார்ட் கிளாஸ் ஒரு பீரியட். ஆசிரியர் வராவிட்டால்: பாடப் பக்கத்தில் உள்ள பயிற்சித்தாள் 2-ஐக் கொடுக்கவும், விடைகள் அதே பக்கத்தில் உள்ளன.

அவ்வளவுதான். கடைசி வரியைக் கவனியுங்கள். ஒருவர் லீவு எடுத்த நாளில்தான் விக்கியின் பயன் தெரியும். இப்போது என்ன நடக்கிறது? மாற்றாகப் போகிறவர் மலையாளம் டீச்சராகவோ பி.டி. சாராகவோ இருப்பார். வகுப்பில் உட்கார்ந்து சத்தம் போடாதே என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. வாரப் பக்கத்தில் இந்த ஒரு வரி இருந்தால் அந்தப் பீரியட் வீணாகாது. ஜூனில் தினக்கூலிக்கு வந்து சேரும் இளம் ஆசிரியருக்கும் இதுவேதான் கைகொடுக்கும். இங்கே முக்கால்வாசிப் பாடப்பொருள் பென்டிரைவில் இருக்கிறது. டிரான்ஸ்பர் வந்தால் பென்டிரைவும் ஆசிரியரோடு போய்விடுகிறது. புதிதாக வருகிறவர் ஒன்றிலிருந்து தொடங்குகிறார். தமிழ்வழிக்கு ஆளே குறைவாக உள்ள நம் தாலுகாவில் இந்த இழப்பைத் தாங்க முடியாது.

இப்போது பெயர் விஷயம். கேரளத்தில் 1, 3, 5, 7, 9 வகுப்புகளுக்கு 2024-25-இல் புதிய பாடப்புத்தகம் வந்தது, 2, 4, 6, 8, 10 வகுப்புகளுக்கு 2025-26-இல் வந்தது. பாடங்களின் வரிசை மாறியது, சில பாடங்கள் வகுப்பு மாறின. "ஒன்பது, பாடம் 3" என்று கோப்புக்குப் பெயர் வைத்திருந்தவர்களிடம் இப்போது எது எதற்கு என்று தெரியாத குவியல்தான் இருக்கிறது. "முடுக்கம்" என்று பெயர் வைத்திருந்தால் அது எந்த வகுப்புக்குப் போனாலும் முடுக்கம்தான். எனவே பாடப் பக்கத்துக்குக் கருத்தின் பெயரை வையுங்கள், எந்தப் புத்தகத்தில் எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பக்கத்தின் உள்ளே ஒரு வரியில் எழுதுங்கள். புத்தகம் மாறினால் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும்.

இப்படிச் செய்தால் இன்னொரு பலனும் தானாக வரும். எந்த விக்கியிலும் ஒரு பக்கத்துக்கு எங்கிருந்தெல்லாம் இணைப்பு வந்திருக்கிறது என்று பார்க்கும் வசதி இருக்கிறது. விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியின் தமிழ் இடைமுகத்தில் அதை "இப்பக்கத்தை இணைத்தவை" என்று காட்டும். முடுக்கம் பக்கத்தில் அதை அழுத்தினால் எந்த ஆண்டில், எந்த வாரத்தில் அது நடத்தப்பட்டது என்று வரிசையாக வரும். சென்ற ஆண்டு ஒன்பதாவது வாரத்தில் தொடங்கியதை இந்த ஆண்டு பன்னிரண்டில் தொடங்குகிறோம் என்றால், கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு முன் எதைச் சுருக்க வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யலாம். கலெக்டர் மழை விடுமுறை விடுவார், உபஜில்லா கலோல்சவம் (பள்ளிக் கலைவிழா) வரும், ஸ்போர்ட்ஸ் வரும். ஜூனில் போட்ட திட்டம் அப்படியே நடப்பதில்லை. நடந்தது என்ன என்ற பதிவுதான் அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு அடிப்படை. டீச்சிங் மேனுவலில் எழுதுவது ஒவ்வொருவர் அலமாரியிலும் தூங்குகிறது. விக்கியில் அது எல்லோருக்கும் தெரியும் இடத்தில் இருக்கும்.

பாடப்பொருளில் நம் ஊருக்கு மட்டும் உரிய ஒரு தேவை இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பல பள்ளி ஆசிரியர்கள் கூடும் கிளஸ்டர் கூட்டத்தில் பயிற்சி மலையாளத்தில் நடக்கிறது. நாம் வந்து தமிழில் நடத்துகிறோம். பிள்ளைகள் பிளஸ் ஒன் போனதும் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். பயிற்சியில் "த்வரணம்" என்று கேட்டதை வகுப்பில் "முடுக்கம்" என்று சொல்கிறோம், இரண்டு ஆண்டில் அதே பிள்ளை "ஆக்சிலரேஷன்" என்று எழுத வேண்டும். "பிரவேகம்" இங்கே திசைவேகம், "மர்த்தம்" இங்கே அழுத்தம், "பிரகாச சம்ஸ்லேஷணம்" ஒளிச்சேர்க்கை. விசைக்கு மலையாளத்தில் "பலம்" என்கிறார்கள். பக்கத்து மலையாள டிவிஷன் நண்பனிடம் அதைக் கேட்ட நம் பிள்ளை, தமிழில் பலம் என்பதற்கு உள்ள பொருளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறது. இதற்கு மேல், பொள்ளாச்சியில் வாங்கி வரும் தமிழ்நாட்டு உரைநூல்களில் வேறு சொல் இருக்கலாம். பரீட்சையில் கேரளப் பாடப்புத்தகத்துச் சொல்தான் வரும்.

இதற்கு மூன்று பத்தி அட்டவணை ஒன்றை விக்கியில் தொடங்குங்கள்: பயிற்சியில் கேட்ட மலையாளச் சொல், நம் பாடப்புத்தகத்தில் உள்ள தமிழ்ச் சொல், மேல்வகுப்பில் வரப்போகும் ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்தில். எந்த அகராதியிலும் இது இப்படிச் சேர்ந்து கிடைக்காது, நாம்தான் செய்ய வேண்டும். ஒருவரே உட்கார்ந்து செய்தால் மாதக்கணக்கில் ஆகும். கிளஸ்டர் முடிந்து வரும் ஒவ்வொருவரும் அன்று கேட்டதில் நாலு சொல்லைச் சேர்த்தால் மார்ச்சுக்குள் பாடம் முழுவதற்கும் வந்துவிடும். விக்கிக்கென்றே அமைந்த வேலை இது. தொடங்குவதற்கும் நல்லது, ஏனென்றால் ஒரு சொல் சேர்க்க யாரும் பயப்படமாட்டார்கள்.

அடுத்து, உள்ளூர்ப் பொருள். பாடப்புத்தகம் மாநிலம் முழுவதுக்குமானது. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆறு சித்தூர்ப்புழை. அதன் தண்ணீர் ஆழியாற்றிலிருந்து வருகிறது என்பதும், பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது என்பதும், மணக்கடவு அணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் கேரளத்துக்குத் தர வேண்டும் என்பதும் அவர்கள் வீட்டு வயலைத் தொடும் செய்திகள். மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர் பற்றிப் பேச இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? ஒரு சமூக அறிவியல் ஆசிரியர் இதற்குப் பக்கம் தொடங்கட்டும், கணித ஆசிரியர் அதே பக்கத்திலிருந்து கன அடியை லிட்டராக மாற்றும் கணக்கைச் செய்யட்டும், தமிழ் ஆசிரியர் அதே தலைப்பில் கட்டுரைக்குக் குறிப்புக் கொடுக்கட்டும். மூன்று வகுப்புக்கும் ஒரே பக்கம். வாட்ஸ்அப்பில் இது நடக்கவே நடக்காது.

வினாத்தாளைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்கிறேன். பிடிஎஃப் கோப்பாக மட்டும் ஏற்றாதீர்கள். பிடிஎஃப்பை எளிதில் திருத்த முடியாது. வினாக்களைப் பாடப் பக்கத்திலேயே எழுத்தாக வையுங்கள். யூனிட் டெஸ்டுக்கு வேண்டியதை அங்கிருந்து எடுத்து வெட்டி ஒட்டித் தாளாக்கிக்கொள்ளலாம். ஒரு வினா குழப்பமாக இருந்தால் அடுத்தவர் சரிசெய்வார், அந்தத் திருத்தம் எல்லோருக்கும் போய்ச் சேரும். பழைய தமிழ் வினாத்தாள்கள் பல யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்தாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது. இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அதில் போட்டு யூனிகோடாக்கி, ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். படிக்காமல் ஏற்றினால் ஒகர ஓகாரக் குறிகள் இடம் மாறிக் கிடக்கும். உங்கள் பள்ளியில் லிட்டில் கைட்ஸ் யூனிட் (மாணவர் ஐடி கிளப்) இருந்தால் பிள்ளைகளிடம் இந்த வேலையைத் தயங்காமல் கொடுக்கலாம். 2018-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மொழிக் கணினிப் பயிற்சியும் உண்டு. தமிழில் தட்டச்சுப் பழக அவர்களுக்கு இது ஒரு நல்ல காரணம். நடக்கப்போகும் பரீட்சையின் தாளைக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, அட்டவணையில் விக்கியால் எது முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே பீரியடுக்கு இரண்டு பேர் லேப் கேட்டால் விக்கி தடுக்காது. அதற்குத் தெரிந்தது எழுத்து மட்டும்தான், அந்தக் கட்டம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்று அதற்குத் தெரியாது. ஆனால் யார் முதலில் எழுதினார் என்பது நிமிடக் கணக்கில் வரலாற்றில் இருக்கும். ஒரு பள்ளிக்குள் இருக்கும் பத்துப் பதினைந்து ஆசிரியர்களுக்கு அது போதும். லேப் வாரத்தில் ஒருமுறை திட்டமிட்டுப் பகிரப்படும் பொருள், ரயில் டிக்கெட் மாதிரி நிமிடத்துக்கு நிமிடம் அடித்துக்கொள்வதில்லை. பெற்றோர் சந்திப்புக்கு நூறு பேருக்கு நேரம் ஒதுக்குவது போன்ற வேலைக்கு விக்கியைத் தொடவே வேண்டாம், அதற்குப் படிவமோ பகிர்ந்த விரிதாளோதான் சரி. விக்கி நினைவூட்டவும் செய்யாது. நாளை காலை பிஆர்சி-யில் (வட்டார வள மையத்தில்) கூட்டம் என்று மணி அடிப்பது போன் காலண்டரின் வேலை.

வாட்ஸ்அப்பைக் கைவிடச் சொல்லவில்லை. அதற்கு ஒரு விதி மட்டும் வையுங்கள்: குழுவில் கோப்பு போடக் கூடாது, விக்கிப் பக்கத்தின் இணைப்பு மட்டும் போடலாம். இந்த ஒரு விதியை ஹெச்.எம். ஒரு மாதம் உறுதியாக நடத்திக்கொடுத்தால் போதும். கோப்பை யாராவது போட்டால் திட்ட வேண்டாம். பொறுப்பாளர் அதை எடுத்து உரிய பக்கத்தில் சேர்த்துவிட்டு, இணைப்பைப் பதிலாகப் போடட்டும்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் திருத்தினால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்பார்கள். மீடியாவிக்கியில் இருவரும் வெவ்வேறு இடத்தைத் திருத்தியிருந்தால் அது தானே சேர்த்துக்கொள்ளும். ஒரே வரியைத் திருத்தியிருந்தால், பிறகு சேமிப்பவருக்கு இரண்டு வடிவத்தையும் காட்டி முடிவெடுக்கச் சொல்லும். டோக்குவிக்கி என்ற இன்னொரு விக்கி மென்பொருள் வேறு வழியில் போகிறது. ஒருவர் திருத்தத் திறந்ததும் பக்கத்தைப் பூட்டிவிடும். திறந்துவிட்டு அப்படியே வகுப்புக்குப் போய்விட்டால் இயல்பான அமைப்பில் 15 நிமிடம் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். இடைவேளையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதால் இது பெரிய தொல்லை. எனவே டோக்குவிக்கி என்றால் பள்ளி முழுவதுக்கும் ஒரே வாரப் பக்கம் வைக்காதீர்கள். பாடத்துக்கு ஒரு வாரப் பக்கமாகப் பிரித்துவிடுங்கள். லேப் அட்டவணை தனிப் பக்கமாக இருக்கட்டும்.

எந்த மென்பொருள் என்ற கேள்விக்கு என் பதில் டோக்குவிக்கி. ஆண்ட்ரியாஸ் கோர் என்பவர் 2004-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. தரவுத்தளம் வேண்டாம், ஒவ்வொரு பக்கமும் சாதாரண எழுத்துக் கோப்பாக ஒரு கோப்புறையில் இருக்கும். பிஎச்பி என்ற நிரல்மொழி ஓடும் எந்த மலிவான வழங்கியிலும் (சர்வரிலும்) வைக்கலாம். யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று பிரிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. கோப்புறையை நகலெடுத்தால் அதுவே பேக்கப். விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி சக்தி வாய்ந்தது, தமிழ் இடைமுகமும் நன்றாக இருக்கிறது. ஆனால் தரவுத்தளம், பதிப்பு மேம்பாடு என்று பராமரிக்க ஒரு ஆள் வேண்டும், மூடிய விக்கியாகப் பக்கம் பக்கமாக அனுமதி பிரிப்பதற்காக அது கட்டப்பட்டதும் அல்ல. பள்ளியில் ஏற்கெனவே மூடில் (Moodle) என்ற இணையவழிப் பாட மென்பொருள் இருந்தால் அதற்குள்ளேயே விக்கி என்ற செயல்பாடு உண்டு, ஒரு பள்ளிக்குள் மட்டும் என்றால் அதுவே போதும்.

டோக்குவிக்கியில் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு, முதலிலேயே தெரிந்துகொண்டால் நல்லது. அது பக்கத்தின் பெயரையே கோப்பின் பெயராக்குகிறது, இயல்பான அமைப்பில் யூனிகோடைச் சதவீதக் குறிகளாக மாற்றிச் சேமிக்கிறது. ஒரு தமிழ்க் குறி ஒன்பது எழுத்தாகப் பெருகும். "கு" என்பதில் ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் வரம்பு. கணக்குப் பார்த்தால் இருபத்தைந்து குறிகளுக்கு மேல் போனால் பக்கம் சேமிக்காமல் மக்கர் பண்ணும். அமைப்புகளில் கோப்புப் பெயரை யூனிகோடாகவே வைக்கும் தேர்வு இருக்கிறது. விக்கியை நிறுவியதும், முதல் பக்கத்தை எழுதுவதற்கு முன் அதை மாற்றிவிடுங்கள். நடுவில் மாற்றினால் பழைய பக்கங்கள் காணாமல் போனது போலத் தெரியும். எப்படியானாலும் பெயர் சுருக்கமாக இருப்பதே நல்லது.

பள்ளிக்குள் ஒரு பழைய லேப்டாப்பில் வைத்து லேனில் (பள்ளிக்குள் மட்டும் உள்ள கணினி வலையில்) ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். ஓட்டலாம். ஆனால் ஆசிரியர்கள் பாடம் தயாரிப்பது இரவு வீட்டில். நாலைந்து பள்ளி சேர்ந்து செய்யும்போது இணையத்தில் இருந்தே ஆக வேண்டும்.

ஸ்கூல்விக்கி இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். 2009-இல் ஐடி@ஸ்கூல் தொடங்கி இன்று கைட் (கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம்) நடத்தும் அந்த மலையாள விக்கி நல்ல முயற்சி, பள்ளியின் வரலாறு, ஊர், பழைய மாணவர்கள், பிள்ளைகளின் படைப்புகள் எல்லாம் அங்கே இருக்க வேண்டும். உங்கள் பள்ளியின் பக்கத்தைப் பார்த்துக் குறையை நிரப்புங்கள். ஆனால் அது ஊரறியப் பார்க்கும் இடம், உங்கள் வார அட்டவணையையும் பாதி எழுதிய பயிற்சித்தாளையும் வைக்கும் இடமல்ல. அதுபோலவே சமக்ரா என்ற கேரள அரசுப் பாடவளத் தளத்தில் உள்ளதை மறுபடியும் செய்ய வேண்டாம், பாடப் பக்கத்திலிருந்து அதற்கு இணைப்புக் கொடுங்கள். பெருந்தொற்றுக் காலத்து ஃபர்ஸ்ட் பெல் ஒளிபரப்பு வகுப்புகளில் தமிழ்வழி வகுப்புகளும் எடுக்கப்பட்டன. பழைய பாடத்திட்டம்தான், ஆனால் கருத்து மாறாத பாடங்களுக்கு அந்த வீடியோக்கள் இன்னும் உதவும். எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று இணைப்போடு எழுதுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அரைமணி நேர வீடியோவை யாரும் திறப்பதில்லை.

இலவசத் தளத்தில் கணக்குத் தொடங்கிவிடலாமா என்றால், வேண்டாம் என்பேன். விக்கிஸ்பேசஸ் என்ற தளத்தில் உலகம் முழுவதும் ஆசிரியர்கள் வகுப்பு விக்கிகள் வைத்திருந்தார்கள். 2018-இல் அதை மூடினார்கள். நேரத்துக்கு நகலெடுத்தவர்களுக்குப் பாடப்பொருள் தப்பியது. எங்கே வைத்தாலும் மாதக் கடைசியில் ஒரு நகல், அதுவும் இரண்டு பேரிடம் இருக்கட்டும். டோக்குவிக்கியில் டேட்டா, கான்ஃப் என்ற இரண்டு கோப்புறைகளை எடுத்தாலே போதும்.

தானாகப் பதிவு செய்துகொள்ளும் வசதியை முதல் நாளே அடைத்துவிடுங்கள். திறந்து வைத்தால் விளம்பரக் குப்பை கொட்டும் நிரல்கள் தேடி வந்துவிடும். கணக்குகளைப் பொறுப்பாளர் உருவாக்கிக் கொடுக்கட்டும், ஆளுக்கு ஒரு கணக்கு, பள்ளிக்கு ஒரு பொதுக் கணக்கு கூடவே கூடாது. யார் எழுதினார் என்று தெரியாவிட்டால் வரலாறு இருந்து பயனில்லை. பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், வீட்டு விவரம் எதுவும் விக்கிக்குள் வரக் கூடாது. மூடிய விக்கிதானே என்று நினைக்கக் கூடாது, கடவுச்சொல் ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்குப் போவது நாம் அறிந்ததுதான்.

பதிப்புரிமையில் ஒரு தெளிவு வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை அனுமதிக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் வழக்கில் 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் இதை விரிவாகவே பொருள்கொண்டது. ஆனால் அது வகுப்பறைக்கானது. ஒரு பதிப்பகத்தின் கைடை முழுவதும் ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைப்பது வேறு. படம் வேண்டுமானால் விக்கிமீடியா பொதுவகத்தில் தேடுங்கள், எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் படத்தின் கீழ் எழுதுங்கள். தமிழ்ப் பாடத்துக்கு விக்கிமூலமும் மதுரைத் திட்டமும் பெரிய கொடை, அங்கே இருப்பவற்றுக்கு இணைப்புக் கொடுத்தாலே போதும்.

மூத்தவர்கள் எழுதுவார்களா? இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலான முயற்சிகள் நிற்கின்றன. ஆனால் தடை கணினி பயம் இல்லை. முப்பது ஆண்டு சர்வீஸ் உள்ள ஒரு சார் எழுதிய பாடக்குறிப்பில் நேற்று சேர்ந்த டீச்சர் கைவைப்பது நம்மிடையே நடக்காது. பிழை கண்ணில் பட்டாலும் சொல்லமாட்டார். சாருக்கும் தன் எழுத்தை இன்னொருவர் மாற்றினால் மனம் வருந்தும். இருவருமே ஒதுங்கிவிடுவார்கள், பக்கம் அப்படியே கிடக்கும். இது மரியாதையிலிருந்து வருவது, குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் விக்கியை இதற்கேற்ப அமைக்க வேண்டும். மூத்தவரின் பாடக்குறிப்பை அவர் பெயரோடு தனிப் பக்கமாக வையுங்கள், அதைத் திருத்தும் உரிமை அவருக்கு மட்டும் இருக்கட்டும். முடுக்கம் என்ற பொதுப் பக்கம் யாருக்கும் சொந்தமில்லாதது, அங்கே எவர் பெயரும் வேண்டாம். அவர் குறிப்புக்கு அங்கிருந்து இணைப்புப் போகும். காலப்போக்கில் அவரே தன் பக்கத்திலிருந்து எடுத்துப் பொதுப் பக்கத்தில் சேர்ப்பார். அதையும்விட நல்ல வழி, மூத்தவரிடம் "சார், எட்டாம் வகுப்புக்கு இந்தச் சோதனையை நீங்கள் செய்யும் விதத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டு இளையவர் எழுதி வைப்பது. எந்தச் சோதனை எந்தக் கண்ணாடிக் குடுவையில் சரியாக வரும், லேபில் உள்ள எந்தத் தராசு பொய் சொல்லும் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. அவர் ஓய்வு பெற்றால் அதுவும் போய்விடும்.

தொடங்குவது பற்றி: மே மாதத்தில் உட்கார்ந்து முழு ஆண்டுக்கும் காலிப் பக்கங்களை உருவாக்காதீர்கள். காலிப் பக்கம் திறந்தவரைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு வகுப்பு, ஒரு பாடம், மூன்று வாரப் பக்கம், சொல் அட்டவணை. இவ்வளவோடு ஜூனில் தொடங்குங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் தானாகக் கேட்கும்போது அடுத்த பாடத்தைச் சேருங்கள். பொறுப்பாளராக இருப்பவருக்கு இந்த வேலையை எஸ்ஆர்ஜி (பள்ளி ஆசிரியர் குழு) கூட்டத்தில் மினிட்ஸில் எழுதி ஒப்படைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு பீரியட் இதற்கென்று கிடைத்தால் நல்லது. ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் நடக்காது.

கடைசியாக, தாளை விட்டுவிடாதீர்கள். திங்கள் காலை அந்த வாரப் பக்கங்களை அச்செடுத்து ஸ்டாஃப் ரூம் பலகையில் குத்தி வையுங்கள். போன் பார்க்காதவரும் நின்று படிப்பார், பேனாவால் அடித்துத் திருத்துவார், ஓரத்தில் எழுதுவார். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளமானது. அப்போது பொறுப்பாளர் அந்தத் தாளை எடுத்து, கையால் எழுதியதையெல்லாம் விக்கியில் ஏற்றிவிட்டு, அடுத்த வாரப் பக்கத்தைத் திறந்து வைக்கட்டும்.